அண்ணாவியாரின் நான்கு குரல்கள்: ஒரு பதிவைப் பற்றிய மதிப்புரை

கிளிநொச்சியில் திருமண வீடுகளுக்குப் படம்பிடித்துவரும் இளைஞர்கள் சிலர், முள்ளியவளைப் பக்கத்து கூத்துப் பழக்கி நடத்தும் ஆசானான முதிய அண்ணாவியார் ஒருவரை இருத்தி, அவர் தம் வாழ்நாளில் கட்டியாடிய வேடங்களுள் மனத்துக்கு மிகவும் பிடித்தவற்றைப் பற்றிப் பேசவும் பாடவும் வைத்து, அதை ஒரு பென் டிரைவில் பதிந்து விற்கிறார்கள். விலை 1,800 ரூபா. புதுக்குடியிருப்பிலும் முல்லைத்தீவிலும் கைத்தொலைபேசிக் கடைகளில் கிடைக்கிறது. அதனுள் இரண்டு கோப்புறைகள் உள்ளன. ஒன்றில் ஒன்றரை மணி நேரக் காணொளி இருக்கிறது. மற்றதில் அந்தப் பதிவின் வெட்டப்படாத ஒலி மட்டும் இருக்கிறது. அட்டையில் பெரிதாக விளம்பரப்படுத்தப்பட்டிருப்பது காணொளி. பணம் கொடுத்து வாங்கத் தக்கது, கீழே சிறிய எழுத்தில் ‘மேலதிகம்’ என்று குறித்திருக்கும் ஒலிக்கோப்புத்தான்.

ஐரோப்பாவின் ஒபேராப் பாடகர்கள் தம் மேடைப் பாத்திரங்களைத் திரும்பிப் பார்த்துப் பேசும் நேர்காணல்களைக் கண்டபின் இந்த எண்ணம் தோன்றியதாகத் தயாரித்தவர்கள் அட்டையிலேயே எழுதியிருக்கிறார்கள். நல்ல எண்ணந்தான். கதையைப் பெரும்பாலும் பாட்டாலேயே நகர்த்தும் நம் இசை நாடகத்துக்கும் சிந்துநடைக் கூத்துக்கும் அப்படியொரு நேர்காணல் பொருந்தாமற் போக நியாயமில்லை. ஆனால் கேள்வி கேட்பவர், பாடகர் ஒருவருக்கு வேடம் என்பது முதலில் குரல் என்பதை நினைத்துப் பார்க்கவில்லை. “ஐயா, உங்களுக்கு மிகவும் பிடித்த பாத்திரம் எது?” என்று அவர் தொடங்குகிறார். அண்ணாவியார் சற்றும் யோசியாமல், “எந்தக் குரலுக்குக் கேக்கிறியள், தம்பி? எனக்கு நாலு குரல் இருந்தது” என்கிறார். இதைவிடச் சிறந்த தொடக்கம் ஒரு நேர்காணலுக்கு வாய்க்காது. காணொளியில் இந்த மறுமொழி இல்லை. அதற்குப் பதிலாக நந்திக்கடலின் மேலே ட்ரோன் பறக்கிறது.

அந்த நான்கு குரல்களையும் ஒலிக்கோப்பில் அவர் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு போகிறார். குரல் உடையுமுன் அரிச்சந்திரனின் மகன் லோகிதாசனாகவும், காத்தவராயன் கூத்தில் பாலகாத்தானாகவும் பாடியிருக்கிறார். குரல் உடைந்த பின்னும் மேல்சுருதி தங்கியிருந்த சில ஆண்டுகளில் பெண் வேடம் அவரைத் தேடி வந்திருக்கிறது. அதன் பிறகு நெஞ்சுக் குரல் திரண்டு, காத்தானையும் அரிச்சந்திரனையும் தாங்கியிருக்கிறது. நான்காவது, வேடம் கட்டாத குரல்: களரி என்னும் ஆடுமேடையின் ஓரத்தில் ஆர்மோனியத்துக்கும் மத்தளத்துக்கும் பக்கத்தில் நின்று, ஆடுபவன் அடி மறந்தால் சபையோருக்குத் தெரியாமல் எடுத்துக் கொடுக்கும் அண்ணாவியாரின் குரல். இந்த வரிசையைக் காணொளியில் குலைத்து, எந்தக் கூத்துக்கு அதிக கூட்டம் வருமோ அதை முன்னுக்கு வைத்திருக்கிறார்கள். அதனால் ஐம்பது வயதில் பாடிய வேடம் முதலிலும், பத்து வயதில் பாடியது நடுவிலுமாக வருகிறது. ஒரு தொண்டை எப்படி வளர்ந்து தேய்ந்தது என்பது காணொளியை மட்டும் பார்ப்பவருக்குப் புலப்படவே மாட்டாது.

பெண் வேடம் பற்றிய பகுதியே பதிவின் உச்சம். வற்றாப்பளைக் கண்ணகை அம்மனின் வைகாசிப் பொங்கலும் கடல்நீரில் விளக்கெரியும் வழக்கமும் உள்ள மண்ணில் கோவலன் கூத்தில் கண்ணகியாக வருவது சாதாரண காரியமன்று. விரதம் இருந்தே அந்த வேடத்துக்கு உடுத்ததாகவும், முகப்பூச்சு முடிந்தபின் ஊரில் மூத்தவர்கள்கூடத் தம்மைப் பெயர் சொல்லி அழைக்கவில்லை என்றும் அவர் கூறுகிறார். முல்லை மோடி என்று இங்கே வழங்கும் அந்த ஆட்டமுறையில், வழக்குரைக்க வரும் கண்ணகிக்குக் குரல் உயர வேண்டுமே தவிரக் கத்தக்கூடாது என்பது அவருக்கு அவருடைய அண்ணாவியார் கற்பித்த பாடம். கோபத்தைச் சுருதியால் காட்டுவதா, சத்தத்தால் காட்டுவதா என்று அவர் பாடிப்பாடி வேறுபடுத்திக் காட்டும் இடத்தை நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். 1786இல் வியன்னாவில் மேடையேறிய மொசார்ட்டின் ‘ஃபிகாரோவின் திருமணம்’ ஒபேராவில் செருபினோ என்னும் பையனைப் பெண்ணே பாடுவது வழக்கம். எங்கள் களரியில் அது தலைகீழாக நடந்தது. இரண்டு இடத்திலும் பார்வையாளர் அதைக் குறையாக எண்ணவில்லை. கேள்வி கேட்டவர் ஒபேராவைக் குறிப்பிட்டதற்கு இதையாவது ஒப்பிட்டுக் கேட்டிருக்கலாம்.

அதே பகுதியில் இன்னொன்றும் நிகழ்கிறது. கண்ணகியின் பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டு போகும்போது அடிகள் நின்றுவிடுகின்றன. பாட்டுக் கொப்பியும் உடுப்புப் பெட்டியும் 2009இல் இடம்பெயர்ந்து ஓடிய வழியில் போய்விட்டன என்று வேறோரிடத்தில் அவர் சொல்லியிருக்கிறார். சொல் வராத இடத்தில் அவர் மெட்டை மட்டும் முனகிக்கொண்டு போகிறார். சல்லரி போடுபவர் தாளத்தை விடாமல் பிடித்திருக்கிறார். மூன்றாவது சுற்றில் இரண்டு அடிகள் தானாக வந்து விழுகின்றன. காணொளித் தொகுப்பாளர் இதைத் தடுமாற்றம் என்று நினைத்து வெட்டிவிட்டார். கொப்பி இல்லாத காலத்தில் ஒரு பாட்டு எப்படி மீட்கப்படுகிறது என்பதைக் காட்டும் அரிய சான்று அதனால் காணொளியில் இல்லாமற் போயிற்று.

அரிச்சந்திர மயான காண்டம் வரும் பகுதியில் குறை வேறு வகையானது. வட பகுதியில் அந்த வேடத்தைப் பாடும் எவரும் காங்கேசன்துறை இசை நாடகக் கலைஞர் வி. வி. வைரமுத்துவோடு (1924–1989) ஒப்பிடப்படாமல் தப்ப முடியாது. அண்ணாவியார் அந்த ஒப்பீட்டுக்கு ஒளியாமல், எந்த இடத்தில் தாம் வைரமுத்துவின் வழியைப் பின்பற்றினார், எந்த இடத்தில் தம் குரலுக்கு எட்டாததால் மெட்டைத் தாழ்த்தினார் என்பதை வெளிப்படையாகச் சொல்கிறார். பாம்பு தீண்டி இறந்த மகனைச் சுமந்துவரும் சந்திரமதியிடம் முழத்துண்டும் கால்பணமும் கேட்கும் இடத்தில், அழாமல் பாடுவதே கடினம் என்கிறார். அழுதால் மூக்கடைத்து அடுத்த விருத்தம் எழாதாம். இளம்வயதில் அதே நாடகத்தில் இறந்துகிடந்த லோகிதாசனும் அவர்தாம் என்பதால், கீழே கிடந்தபடி கேட்ட குரலையே பின்னர் தாம் பாடியதாக அவர் சொல்வது மிக நயமான இடம். அந்த இடத்தில்தான் காணொளியில் மின்விசைப்பலகை இசையைச் சேர்த்திருக்கிறார்கள். அது ஆர்மோனியத்தின் சுருதியோடு சேரவில்லை. ஐந்து கட்டை என்னும் உயர்ந்த சுருதியில் பாடியவரின் பாட்டுக்குப் பின்னால் கலியாண வீட்டு இசையைப் போட வேண்டிய தேவை என்ன என்று எனக்கு விளங்கவில்லை.

பண்டாரவன்னியனுக்குக் காணொளியில் ஏறத்தாழ அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். 1803 ஆகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்து, அதே ஆண்டு ஒக்டோபரில் கற்சிலைமடுவில் தோற்ற மன்னன் என்பதால் வன்னியில் அந்த வேடத்துக்கு இருக்கும் மதிப்பு எனக்குத் தெரியும். ஆனால் அது அவருக்குப் பிடித்த வேடமன்று. “அது வசனம், தம்பி. வசனம் தொண்டையைத் தின்னும்” என்று ஒலிக்கோப்பில் நறுக்கென்று முடித்துவிடுகிறார். மீதியை நடுகல்லின் படமும், கலாபூஷணம் விருது வாங்கும் படமும், பொன்னாடைப் படங்களுமாக நிரப்பியிருக்கிறார்கள்.

காத்தவராயன் பகுதி பரவாயில்லை. ஆதிகாத்தான், நடுக்காத்தான், பின்காத்தான் என்று வேடத்தைப் பலர் பகிர்ந்துகொள்வது ஏன் என்பதற்கு, ஒரு தொண்டை ஒரு விடிய விடியத் தாங்காது என்ற நேரடியான காரணத்தைச் சொல்கிறார். பின்காத்தானாகக் கழுமரத்தில் ஏறி, கிழக்கு வெளுக்கும் வேளையில் தாய் மாரியை நோக்கிப் பாட வேண்டியவர் முன்னிரவில் வெற்றிலைகூடப் போடாமல், எவரோடும் பேசாமல் இருப்பாராம். டாப்பர் மாமா என்னும் நகைச்சுவை வேடத்தில் வந்தவர்கள் சபையைச் சிரிக்க வைத்துக்கொண்டிருக்கையில் உடுப்புக் கொட்டிலில் வாய்மூடிக் கிடந்த அந்தப் பொழுதுகளைத்தான் அவர் இன்னும் அதிகமாக நினைத்துக்கொள்கிறாராம்.

பதிவின் ஒலித்தரம் குறைசொல்ல முடியாதது. சட்டையில் பொருத்திய ஒலிவாங்கி மூச்சைக்கூடப் பிடித்திருக்கிறது. மத்தளம் மட்டும் சற்றுத் தூரத்தில் ஒலிக்கிறது. ஒலிக்கோப்பு ஒரே நீளமாக இருப்பதால் வேண்டிய இடத்தைத் தேடுவது சிரமம். வேடவாரியாகப் பிரித்திருந்தால் பழக விரும்பும் மாணவருக்கு உதவியிருக்கும். நடுக்காத்தானின் பாட்டுகள் இரண்டு கோப்புகளிலும் இல்லை. கடையில் விசாரித்தபோது அடுத்த பதிப்பில் சேர்க்கப்போவதாகச் சொன்னார்கள். இப்போது வாங்குபவர்கள், பழைய பென் டிரைவைக் கொண்டுவந்தால் புதியதை அதிலேயே பதிந்து தருவார்களா என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு பணம் கொடுப்பது நல்லது.