சென்ட்ரலா எழும்பூரா, எதுக்கு எது?

சென்னைக்குப் புதுசா வர்றவங்க நெறைய பேர் குழம்புற இடம் இதுதான். எங்க மாமா பாண்டியன் எக்ஸ்பிரஸ் டிக்கெட்டை வச்சிக்கிட்டு சென்ட்ரல்ல போய் நின்னாரு, எழும்பூர் அங்கேர்ந்து ரெண்டு கிலோமீட்டர்தான், ஆனா ராத்திரி டிராஃபிக்ல ஆட்டோ பிடிச்சுப் போறதுக்குள்ள வண்டி கிளம்பிடுச்சு. டிக்கெட்ல எம்ஏஎஸ்னு இருந்தா சென்ட்ரல், எம்எஸ்னு இருந்தா எழும்பூர், இதை மட்டுமாவது பாத்துக்கோங்க ப்ளீஸ்.

பொதுவா மதுரை, திருச்சி, நெல்லை, ராமேஸ்வரம் பக்கம்னா எழும்பூர். கோவை, சேலம், பெங்களூரு, டெல்லி, ஹவுரான்னா சென்ட்ரல். ஆனா ஊரை வச்சு மட்டும் முடிவு பண்ணிடாதீங்க, பாலக்காடு வழியா போற கேரளா வண்டிங்க சென்ட்ரல்ல கிளம்பும், மதுரை வழியா போற குருவாயூர் எக்ஸ்பிரஸ் எழும்பூர்ல, சில தெக்கத்தி வண்டிங்க தாம்பரத்துலயே கிளம்பிடும்.

வயசானவங்களைக் கூட்டிட்டுப் போறீங்கன்னா எனக்கு சென்ட்ரல்தான் நிம்மதி. தண்டவாளம் அங்கயே முடியறதால முன்னாடி ஹால்ல இருந்து எந்த மெயின்லைன் பிளாட்பாரத்துக்கும் படி ஏறாம சமதரையிலயே நடந்து போயிடலாம். எழும்பூர்ல வண்டி நிக்கிற பிளாட்பாரத்தைப் பொறுத்து மேம்பாலம் ஏறி இறங்கணும், அதுவும் இப்ப மறுசீரமைப்பு வேலை வேற நடக்குது, கொஞ்சம் சீக்கிரமே போயிடுங்க. மெட்ரோ ரெண்டுக்குமே இருக்கு, பச்சை லைன்ல அடுத்தடுத்த ஸ்டேஷன், அதனால தப்பான இடத்துக்கு வந்துட்டா ஆட்டோ தேடாம நேரா மெட்ரோவுக்கு இறங்கிடுங்க. சென்ட்ரல்ல நீல லைனும் சேர்றதால ஏர்போர்ட்டுக்கு மாறாமலே போகலாம். தாம்பரம் லோக்கல் பிடிக்கணும்னா எழும்பூர் ஈசி, சென்ட்ரல்ல இறங்கினா எதிர்ல பார்க் ஸ்டேஷனுக்குப் போகணும்.

கட்டடம் பாக்கத்தான் வர்றீங்கன்னா என் ஓட்டு எழும்பூருக்கு. சென்ட்ரல் 1873ல வந்தது, ஜார்ஜ் ஹார்டிங் வரைஞ்சதை அப்புறம் சிஷோல்ம் மாத்தினாரு, அந்த செவப்பு மணிக்கூண்டு அழகுதான், பக்கத்துலயே 1913ல திறந்த ரிப்பன் மாளிகையும் இருக்கு. ஆனா ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பெரியாஸ்பத்திரி ஓரமா நின்னு பாத்தாதான் முழுசா தெரியும், அங்க நிக்க இடம் இருந்தாத்தானே. எழும்பூர் 1908, ஹென்றி இர்வின் வரைஞ்சாரு, கட்டினது நம்ம சாமிநாத பிள்ளை. காந்தி இர்வின் ரோட்டுப் பக்கமா வந்து அந்த குவிமாடங்களை நிமிர்ந்து பாருங்க, வண்டிக்கு நேரம் இருந்தா அப்படியே பாந்தியன் ரோடு மியூசியத்துக்கும் போய்ட்டு வரலாம், வெள்ளிக்கிழமையும் தேசிய விடுமுறை நாள்லயும் லீவு.