சிரட்டை, சுண்டு, சுளகு: ஐந்தாறு வருடம் பாவித்த அனுபவம்

மூத்தவள் இந்த வருடம் முதலாம் ஆண்டில் சேர்ந்திருக்கிறாள். இளையவன் மூன்றை எட்டப்போகிறான். முல்லைத்தீவில் முத்தையன்கட்டுப் பக்கம் இருக்கிற எங்கள் வளவில் எந்த விளையாட்டுச் சாமான் நின்றுபிடித்தது, எது ஒரு மாதத்தில் பரணுக்குப் போனது என்று வவுனியாவில் இருக்கிற தங்கச்சி கேட்டாள். அவளுடைய பிள்ளைக்கு இப்போதுதான் பல் முளைக்கிறது. அவளுக்கு ரெலிபோனில் அவசரமாகச் சொன்னதை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

கனடாவிலிருந்து மச்சாள் அனுப்பிய பெட்டியில் ஒரு பேசும் பலகை வந்தது. பொத்தானை அமத்தினால் எழுத்தைச் சொல்லும், இலக்கத்தைச் சொல்லும், மாடு கத்தும், எல்லாம் இங்கிலிசில். வந்த கிழமை அயல் பிள்ளைகள் முழுக்க எங்கள் விறாந்தையில்தான். சாமான் திறம். எத்தனையோ தரம் விழுந்தும் உடையவில்லை, நிறமும் மங்கவில்லை. ஆனால் அது கதைக்கத் தொடங்கினால் பிள்ளை வாய் திறக்காது, பக்கத்தில் இருக்கிற நாங்களும் கதைக்கமாட்டோம். வேலிக்கு அங்காலே உண்மையான மாடு கத்தினால், "ஏன் கத்துது? கண்டைத் தேடுதோ? தண்ணி விடாயோ?" என்று ஒரு பின்னேரமே அந்தக் கதையில் போகும். பலகையில் மாடு கத்தினால் அதோடு முடிந்தது, அடுத்த பொத்தான்.

இப்படியான சாமான் சிலவற்றில் சில்லறைக் காசு மாதிரித் தட்டையான பற்றரி இருக்கும். மூடியின் திருகாணி இறுக்கமாக இருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள். விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாயைச் சுட்டுப் புண்ணாக்கிவிடும். பொறுத்திருந்து பார்க்கிற விசயம் இல்லை, உடனே ஆஸ்பத்திரிதான்.

வாக்கர் ஒன்றும் அயலிலிருந்து இரவலாக வந்தது, திருப்பி அனுப்பிவிட்டேன். பிள்ளை கெதியாக நடக்கும் என்று சொல்லித்தான் தருவார்கள். கெதியாக நடக்க அது உதவாது, படியால் உருண்டு விழுகிற ஆபத்து வேறு. கனடாவில் 2004ஆம் ஆண்டிலிருந்து அதை விற்கவே தடை, மச்சாளின் பெட்டியில் வாக்கர் வராததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்! உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் பிள்ளை தனியே நடக்கத் தொடங்கும் வயது 8 மாதத்திலிருந்து 17 மாதம் கடந்தும் போகிறது. கோயிலில் "இன்னும் நடக்கேல்லையோ?" என்று கேட்கிற மாமிமாருக்கு ஒரு சிரிப்போடு பதில் முடித்துவிடலாம்.

எங்கள் வீட்டில் முதலிடம் சிரட்டைக்கும் மணலுக்கும்தான். கைப்பிள்ளையாக இருந்தபோது இரண்டு சிரட்டையைக் கொடுத்தால் தட்டிச் சத்தம் கேட்டுச் சிரித்தாள். ஒன்றரை வயதில் மணலை அள்ளி ஊற்றினாள், கொட்டினாள், திரும்ப அள்ளினாள், சலிக்கவே இல்லை. இரண்டரையில் அதே சிரட்டை அடுப்பில் ஏறியது. "இது கத்தரிக்காய்க் கறி, உறைக்கும், ஊதிச் சாப்பிடுங்கோ" என்று எனக்கே புத்தி சொன்னாள். நாலு வயதில் கடை திறந்தாள், பூவரசம் இலைதான் காசு, மிச்சக் காசும் தரவேண்டும். ஓட்டைச் சிரட்டையில் தண்ணீர் நிற்காது, மணல் மெதுவாக ஒழுகும், ஈரமணல் ஒழுகாது. இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள்தான் கண்டுபிடித்து வந்து எனக்குக் காட்டினாள், நானும் அதிசயப்பட்டுத்தான் கேட்டேன், கொஞ்சம் நடிப்பும் இருந்தது. பிள்ளை வளர வளர அந்தச் சாமானில் புதிதாக ஏதாவது கிடைக்கிறதா என்பதை வைத்துத்தான் நான் மதிப்புப் போடுகிறேன். அதில் சிரட்டையை வெல்ல ஒன்றுமில்லை.

சிரட்டைக்கும் குறை உண்டு. ஐப்பசி கார்த்திகை மழையில் முத்தத்தில் மல்லாந்து கிடந்தால் அதில்தான் நுளம்பு பெருகும். முட்டையிட்டதிலிருந்து ஒரு கிழமை, பத்து நாளில் பறந்துவிடும், பிறகு டெங்கு. பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பார்த்தால் விளையாட்டுச் சாமான் என்று சொல்லித் தப்பமுடியாது. அதனால் கவிழ்த்து அடுக்கி வைப்பதும் விளையாட்டில் ஒரு பகுதி என்றாக்கிவிட்டோம், இளையவன் ஒன்று, இரண்டு, மூன்று, ஏழு என்று எண்ணி அடுக்குவான். மணலைப் பூனை அசுத்தப்படுத்தும், இரவில் சாக்கால் மூடவேண்டும், வீட்டுக்குள் வரமுதல் சவர்க்காரம் போட்டுக் கை கழுவவேண்டும். வன்னியில் இருக்கிறவர்களுக்கு இன்னுமொன்று உண்டு, சண்டைக் காலத்து வெடிபொருள் மண்ணுக்குள் கிடக்கலாம். தெரியாத இரும்புச் சாமான் எதையும் தொடாமல், எடுக்காமல், பெரியவர்களிடம் வந்து சொல்லவேண்டும் என்பதை மண் அளைய விடும்போதே பழக்கிவிடுங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அது செருப்புப் போடுவது போலப் பழகிவிட்டது.

அரிசி அளக்கிற சுண்டு இரண்டாவது. மூத்தவள் மூன்று வயதில் இருபது வரை பாட்டுப்போலச் சொல்வாள், வருகிறவர்களும் மெச்சுவார்கள். ஒருநாள் "பானைக்கு நாலு சுண்டு அரிசி போடு" என்றேன். கை உளையும்வரை போட்டுக்கொண்டே இருந்தாள். எண்ணைச் சொல்லத் தெரிவதும், நாலு என்றால் எவ்வளவு என்று தெரிவதும் வேறுவேறு. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரண்டாவது கொஞ்சம் பிந்தித்தான் வரும் என்று பிறகு அறிந்தேன். அதன்பின் ஒவ்வொரு நாளும் அரிசி அளப்பது அவள் வேலை. ஒவ்வொரு சுண்டுக்கும் நான் சத்தமாக எண்ணி, கடைசியில் "எல்லாமாக எத்தனை?" என்று கேட்பேன். நாலு வயது நெருங்கும்போது பிடிபட்டது. அம்மம்மா வந்தால் இன்னொரு சுண்டு கூட, இவர் வயலில் தங்கினால் ஒன்று குறைவு என்று கணக்குத் தானாக வந்தது. நாலு சுண்டு ஒரு கொத்து என்று அப்பப்பா சொல்லிக்கொடுத்ததைப் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொன்னாளாம், ரீச்சருக்குச் சிரிப்பு.

சுளகில் பயறு பரப்பிக் கல் பொறுக்குவது, முருங்கையிலை ஆய்வது, கச்சான் உடைப்பது எல்லாம் கைவிரலுக்கு நல்லது. பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து கிள்ளி எடுக்கிற பிடிதான் பிறகு பென்சிலுக்கும் வேண்டும். மூத்தவளின் எழுத்து இன்று துப்பரவாக இருப்பது அதனால்தான் என்று சத்தியம் பண்ணமாட்டேன். ஆனால் மூன்று வயதுப் பிள்ளையைக் கொப்பியும் கையுமாக இருத்தி அ, ஆ எழுதவைப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. வட்டம் கீறவே மூன்று வயதளவில்தான் கை வரும், சதுரத்துக்கு இன்னும் ஒரு வருடம் அளவில் எடுக்கும். விஜயதசமிக்கு அரிசியில் ஏடு தொடக்கினோம், அது போதும். இளையவனுக்கு இப்போது முருங்கையிலை மட்டும்தான். ஐந்து வயதுக்குக் கீழே முழுக் கச்சான் தொண்டையில் அடைக்கும், பயறு மூக்குக்குள் போகும். குன்றிமணி, ஆமணக்கங்கொட்டை இரண்டும் நஞ்சு, எண்ணி விளையாட என்றாலும் வேண்டாம்.

பனையோலைக் காத்தாடி, நுங்கு வண்டி இரண்டும் சந்தோசத்துக்கு. ஓட வைக்கும், அதுவே பெரிய காரியம். போன் பற்றிக் கனக்க எழுதவில்லை. இரண்டு வயதிலிருந்து நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. நெல் வெட்டுக் காலத்தில் அந்த ஒரு மணித்தியாலத்தை நாங்கள் முழுதாகப் பாவிக்கிறோம்.

இளையவன் கதைக்கப் பிந்தினான். கேள்வி கேட்டுவிட்டு நானே பதிலும் சொல்வதை நிறுத்தி, அவன் வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். கை காட்டினால் அதற்கொரு சொல் கொடுத்தேன். இரண்டு வயதில் "அம்மா வா", "தண்ணி தா" என்று இரண்டு சொல் சேரவேண்டும். சேராவிட்டால் கிளினிக்கில் மிட்வைஃபிடம் சொல்லுங்கள், வளரட்டும் பார்ப்போம் என்று விடவேண்டாம். பிறந்தவுடன் தருகிற பதிவேட்டில் நிறைக் கோடு மட்டுமல்ல, எந்த வயதில் என்ன செய்யவேண்டும் என்பதும் இருக்கிறது. பலர் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

தங்கச்சி மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறாள். முத்தமும் இல்லை, மணலும் இல்லை. அவளுக்குச் சட்டி, மூடி, மரக்கரண்டி, உடுப்புக் கிளிப், வெறும் பால்மா ரின் போதும். பேசினில் கொஞ்சம் தண்ணீர் வைத்தால் பக்கத்திலேயே இருக்கவேண்டும், அங்குலக் கணக்குத் தண்ணீரும் சின்னப் பிள்ளைக்கு ஆபத்து. மணலுக்குப் பதில் அரிசியைக் கொட்டி விளையாட விடலாம் என்று சிலர் சொல்வார்கள். அம்மா இருக்கிற வீட்டில் அது நடவாது, சோத்துக்கு வைத்ததை மிதிக்க விடுகிறாயோ என்று பேச்சு வாங்கவேண்டி வரும். சலித்த தவிட்டை வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.