வெள்ளை போர்டு பைக் டாக்ஸி: எட்டு மாத அனுபவம்

மடிப்பாக்கத்திலிருந்து கிண்டி மெட்ரோவுக்கு எட்டு மாதமாக பைக் டாக்ஸியில்தான் போகிறேன். அதற்கு முன் தினமும் ஆட்டோ ஸ்டாண்டில் பேரம். 2013-ல் அரசு நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12. அந்த ரேட்டில் மீட்டர் போட்டால் ஆட்டோக்காரருக்குக் கட்டுப்படியாகாது. அவர் வாய்க்கு வந்ததைக் கேட்டால் எனக்குக் கட்டுப்படியாகாது. இந்த ஆப்பில் ஏறும் முன்பே தொகை தெரிந்துவிடுகிறது. வண்டி எங்கே வருகிறது என்று அம்மா வீட்டிலிருந்தே பார்க்கிறார். இது நிஜமான கண்டுபிடிப்பு, முழு மார்க் கொடுக்கலாம்.

விலை ஏன் இவ்வளவு குறைவு என்பது போன மாதம்தான் புரிந்தது. விஜயநகர் பக்கம் மழையில் சாக்கடை மூடி மேல் சக்கரம் வழுக்கி இருவரும் விழுந்தோம். எனக்கு முட்டியில் சிராய்ப்பு. ஓட்டி வந்த தம்பிக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது. டீக்கடை வாசலில் உட்கார்ந்ததும் அவர் முதலில் சொன்னது, "அக்கா, ஆப்ல கம்ப்ளைன்ட் போட்டுடாதீங்க, ஐடிய பிளாக் பண்ணிடுவாங்க."

தினமும் பார்த்த வெள்ளை நம்பர் பிளேட்டின் அர்த்தம் அன்றுதான் உறைத்தது. அது சொந்த உபயோகத்துக்கான வண்டி. அந்த இன்சூரன்ஸ் வாடகைக்கு ஆள் ஏற்றினால் செல்லாது. பெர்மிட் கிடையாது, வண்டி ஓட்டத் தகுதியானது என்று சொல்லும் எஃப்சி கிடையாது. ஆட்டோக்காரர் இதையெல்லாம் கட்டிவிட்டுத்தான் ஸ்டாண்டில் நிற்கிறார். எனக்கு மிச்சமான காசு இங்கிருந்துதான் வந்திருக்கிறது. கஸ்டமர் கேருக்கு எழுதினேன், தம்பியின் பெயரைச் சொல்லாமல். இரண்டு நாள் கழித்து வருத்தம் தெரிவித்து 50 ரூபாய் கூப்பன் அனுப்பினார்கள்.

இது இங்கே மட்டும் நடப்பதில்லை. சான்பிரான்சிஸ்கோவில் உபர்கேப் என்ற பெயரில் ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு 2010-ல் உரிமம் இல்லை, நிறுத்துங்கள் என்று நோட்டீஸ் போனது. பெயரிலிருந்து 'கேப்'பை எடுத்துவிட்டு ஓட்டிக்கொண்டே இருந்தார்கள்.

மஞ்சள் போர்டு மாற்றிக் கொடுத்து, இன்சூரன்ஸையும் கம்பெனியே கட்டினால் பத்து ரூபாய் கூடுதலாகத் தர நான் தயார். அதுவரை மூன்று ஸ்டார். அதில் ஒன்று அந்தத் தம்பிக்கு. வீங்கிய கையோடு எனக்கு ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்ட பிறகுதான் அவர் தன் வண்டியை நிமிர்த்தினார்.