முயல் தசை மையோசின் பொடி: எதற்கு வாங்கலாம், எதற்கு வேண்டாம்

முயலின் எலும்புத்தசையிலிருந்து பிரித்து, உறையவைத்து உலர்த்தி விற்கப்படும் முழுநீள மையோசின் (தசையைச் சுருங்கவைக்கும் புரதம்), ஏடிபியேஸ் அளவீட்டுக்கும் (ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறை அது உடைக்கும் வேகத்தைப் பார்ப்பது) ஜெல் ஒப்பீட்டுக்கும் (புரதங்களை எடைவாரியாகப் பிரித்துப் பார்ப்பது) நம்பி வாங்கக்கூடிய சரக்கு. கண்ணாடித் தகட்டின்மேல் ஆக்டின் (மையோசின் பற்றி இழுக்கும் இன்னொரு தசைப் புரதம்) இழைகள் ஊர்வதைப் பார்ப்பதுதான் நோக்கமென்றால் இது சரிப்படாது. ஹெவி மெரோமையோசினாகவே (வாலின் பெரும்பகுதியை வெட்டிய, இரண்டு தலையுள்ள துண்டு) வாங்குங்கள்.

பொடியின் பெரிய வசதி, வழியில் குளிர் குறைந்தாலும் தாங்குவது. ஈரம் மட்டும் படக்கூடாது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த குப்பியை அறை வெப்பத்துக்கு வரும்முன் திறந்தால் காற்றின் ஈரம் பொடியில் இறங்கிவிடும். குப்பியில் போட்டிருக்கும் 1 மி.கி. என்பது புரதத்தின் அளவு. சுக்ரோஸ், டெக்ஸ்ட்ரான் போன்றவையும் உப்பும் கலந்திருப்பதால் தராசில் நிறுத்து கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க முடியாது. முழுக் குப்பியையும் ஒரே தடவையில் கரைத்துவிடுவதே சரி.

கரைக்கும்போது சென்ட்ரிஃபியூஜில் ஒரு சுற்று விட்டுப் பொடியை அடிக்கு இறக்கி, பனிக்கட்டியில் வைத்துக் குளிர்ந்த நீர் 100 மைக்ரோலிட்டர் விட்டால் மில்லிலிட்டருக்கு 10 மி.கி. கிடைக்கும். பத்து நிமிடம் தொடாமல் விடுங்கள். வோர்டெக்ஸ் (குழாயை அதிரவைத்துக் கலக்கும் கருவி) கூடவே கூடாது, நுரைத்தால் புரதம் உருக்குலையும். கரைசலில் உப்பு 0.5 மோலார் அளவில் இருக்கிறதா என்று தகவல் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். 0.3 மோலாருக்குக் கீழே போனால் மூலக்கூறுகளின் வால்கள் ஒன்றோடொன்று சேர்ந்து இழைகளாகும், கரைசல் கலங்கும். கெட்டுப்போனதென்று கொட்டிவிடாதீர்கள், அது மையோசினின் இயல்பு, உப்பைக் கூட்டினால் தெளியும். கலங்கல் இருக்கும்போது அளந்தால் செறிவு கூடுதலாகக் காட்டும். 280 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சும் அளவிலிருந்து 320-இன் அளவைக் கழித்து 0.53-ஆல் வகுங்கள், மில்லிலிட்டருக்கு எத்தனை மி.கி. என்பது வரும்.

ஜெல்லில் ஏற்றும்போது பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பொட்டாசியம் குளோரைடு நிறைந்த மாதிரியில் எஸ்டிஎஸ் பஃபரை (புரதத்தை விரித்து ஜெல்லுக்குத் தயார்செய்யும் சோப்புக் கரைசல்) விட்டதும் தயிர்போல வெள்ளையாகத் திரியும். அது புரதமல்ல, எஸ்டிஎஸ்ஸின் பொட்டாசியம் உப்பு. மாதிரியை நன்றாக நீர்க்கவைத்தோ டயாலிசிஸ் (சவ்வு வழியே உப்பை வெளியேற்றுவது) செய்தோ ஏற்றுங்கள். 7.5 சதவீத ஜெல்லில் 200 கிலோடால்டனை (புரதத்தின் எடை அலகு) ஒட்டிய கனச் சங்கிலி அழகாக நிற்கும், ஆனால் 16 முதல் 25 கிலோடால்டன் வரையுள்ள இலகுச் சங்கிலிகள் ஓடிப்போய்விடும். 4-20 சதவீத கிரேடியன்ட் ஜெல்லே நல்லது. 42 கிலோடால்டனில் பட்டை தெரிந்தால் ஆக்டின் கலப்பு.

சுத்தத்தை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. ஜெல்லில் பளிச்சென்று நிற்கும் மையோசின் வேலைசெய்யாமலும் இருக்கலாம். முதலில் மெக்னீசியம் இல்லாமல், 0.5 மோலார் பொட்டாசியம் குளோரைடிலும் இடிடிஏயிலும் (மெக்னீசியத்தைப் பிடித்துவைக்கும் பொருள்) ஏடிபியேஸ் பாருங்கள். ஏடிபியை உடைக்கும் தலைப்பகுதியின் உடல்நலம் அதில் தெரிந்துவிடும். பிறகு குறைந்த உப்பில், மெக்னீசியத்துடன், ஆக்டின் சேர்த்தும் சேர்க்காமலும் ஒப்பிடுங்கள். ஆக்டின் இல்லாமலே வேகம் அதிகமென்றால் அந்த 42 பட்டையைத் திரும்பப் பாருங்கள். வெளிவரும் பாஸ்பேட்டைப் பச்சை நிறத்தால் காட்டும் மாலகைட் பச்சை முறையில் அளப்பவர்களுக்குப் பாஸ்பேட்தான் முதல் எதிரி: சோப்பில் கழுவிய கண்ணாடி, பழைய ஏடிபி இரண்டுமே பச்சையை ஏற்றிவிடும். புரதம் சேர்க்காத கட்டுப்பாட்டுக் குழாய் ஒவ்வொரு முறையும் அவசியம். முழுநீள மையோசின் குறைந்த உப்பில் ஆக்டினோடு திரண்டு வீழ்வதால் ஒளி அளவு தடுமாறும். அந்தச் சோதனைக்கு எஸ்-1 துண்டு (வால் இல்லாத தனித் தலை) நிம்மதி.

இழை ஊர்வதற்கு இது ஏன் தோதில்லை? உலர்த்தலில் சேதமான தலைகள் ஏடிபி இருந்தாலும் ஆக்டினைப் பிடித்த பிடி விடாது. இழைகள் நின்றுவிடும், சில துண்டாகும். உப்பு மிகுந்த கரைசலில் ஆக்டினும் 2 மில்லிமோலார் ஏடிபியும் சேர்த்து அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜில் 1,00,000 ஜி வேகத்தில் அரைமணி சுற்றினால் கெட்ட தலைகள் ஆக்டினோடு அடியில் படியும், நல்லவை மேலே நிற்கும். அதற்குப் புரதமும் நேரமும் கணிசமாகச் செலவாகும், இயந்திரமும் வேண்டும்.

வாங்கும்முன் அந்தத் தொகுதியின் ஆக்டின் தூண்டல் அளவை (ஆக்டின் சேர்த்தால் ஏடிபியேஸ் எத்தனை மடங்கு ஏறுகிறது என்பது) விற்பவரிடம் கேளுங்கள். ஜெல் படத்தை மட்டும் அனுப்பினால் வேறு இடம் பாருங்கள்.