ஜெர்மன் கற்க: நுங்கம்பாக்கமா, ஸ்டுட்கார்ட்டா, யூடியூபா?

"இங்கே காசைக் கொட்டி எதுக்குப் படிக்கணும்? அங்கே போனா தானா வந்துடும்." ஜெர்மனிக்குப் படிக்கவோ வேலைக்கோ கிளம்புகிறவர் வீட்டில் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார், பெரும்பாலும் மாமா. அவர் ஜெர்மனி பக்கமே போனதில்லை என்பது வேறு விஷயம். எதிர்க்கட்சி, ஏ1, ஏ2, பி1, பி2 என்று ஏறும் மொழித் தேர்வுப் படிகளில் பி2 சான்றிதழ் கையில் இல்லாமல் விமானம் ஏறாதே என்று கண்டிப்பு காட்டும். மூன்றாவதாக ஒரு கட்சி சமீப காலத்தில் வளர்ந்திருக்கிறது: காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க ஜெர்மன் கேள், தூங்கி எழுந்தால் மொழி உள்ளே இறங்கியிருக்கும் என்பது அவர்கள் கொள்கை.

மாமா கட்சிக்குத்தான் ஆதரவு அதிகம். அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்வோம்.

ஆகனிலோ ஸ்டுட்கார்ட்டிலோ முதுநிலைப் படிப்புக்குச் சேரும் நம் பையனின் ஒரு நாளைப் பாருங்கள். பாடம் ஆங்கிலத்தில். ஆய்வகத்தில் சீனர், ஈரானியர், பிரேசில்காரர் என எல்லாரும் பேசுவது ஆங்கிலம். அறைத் தோழர்கள் கோயம்புத்தூரும் விஜயவாடாவும். ராத்திரி ரசம், பிறகு கிரிக்கெட். நாள் முழுக்க அவன் காதில் விழும் ஜெர்மன், சூப்பர் மார்க்கெட் கல்லாவில்தான். கல்லாவில் இருக்கும் அம்மா "ஹலோ" என்பார், பாயிண்ட் அட்டை இருக்கிறதா என்பார், ரசீது வேண்டுமா என்பார், "ஷோனன் டாக் நோஹ்" என்று வழியனுப்புவார். இவன் ஒரு "நைன்", ஒரு "டாங்கெ" சொன்னால் போதும். அதே நாலு வரிதான் இரண்டு வருஷம் ஓடும். அதைத் தாண்டி இவனாக ஒரு வாக்கியம் ஆரம்பித்து நடுவில் திணறினால், எதிரில் இருக்கும் இளைஞர் உடனே ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். உதவி செய்கிற நல்ல மனசுதான், ஆனால் கற்க வந்தவனுக்கு அதைவிடக் கெடுதல் வேறு கிடையாது.

இது நம்மவர்களுக்கு மட்டும் வந்த வியாதி என்று நினைக்க வேண்டாம். ஃபிரெஞ்சு படித்த அமெரிக்க மாணவர்களை மூன்று வகையாகப் பிரித்து பார்பரா ஃப்ரீட், நார்மன் செகலோவிட்ஸ், டான் டியூவி மூவரும் செய்த ஆய்வு 2004-இல் வெளியானது. ஒரு குழு சொந்த ஊர்க் கல்லூரி வகுப்பில் படித்தது, ஒரு குழு ஒரு பருவம் பாரிஸில் இருந்தது, ஒரு குழு அமெரிக்காவிலேயே, கற்கும் மொழியிலேயே முழுக்க மூழ்கவைக்கும் கோடைக்கால முகாமில் தங்கியது. பேச்சு ஓட்டத்தில் அதிகம் முன்னேறியவர்கள் முகாமில் இருந்தவர்கள்தான். பாரிஸ் போனவர்கள் அதற்குப் பின்னால். வகுப்புக்கு வெளியே ஃபிரெஞ்சைவிட ஆங்கிலத்தையே அதிகம் பயன்படுத்தினோம் என்று பாரிஸ் குழு தானே சொல்லியிருக்கிறது.

அந்த மாதிரி முகாம்களுக்குப் பேர் போன இடம் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் உள்ள மிடில்பரி கல்லூரி. அங்கே 1915-இல் முதன்முதலில் தொடங்கியதே ஜெர்மன் பள்ளிதான். சேருகிறவர்கள் கற்கும் மொழியைத் தவிர வேறெதுவும் பேச மாட்டேன் என்று உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும். சாப்பாட்டு மேஜை, விளையாட்டு மைதானம், விடுதி அறை எல்லா இடத்துக்கும் அது பொருந்தும். மீறிக்கொண்டே இருந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சுற்றிலும் அமெரிக்கா. ஆனால் பசித்தால்கூட ஜெர்மனில்தான் கேட்டாக வேண்டும். நம் மாணவனுக்கு ஸ்டுட்கார்ட்டில் கிடைக்காதது இந்தக் கட்டாயம்தான். மிடில்பரி செலவு நமக்குக் கட்டுப்படியாகாது என்பதால் அதைப் போட்டியில் சேர்க்கவில்லை. ஆனால் மற்ற வழிகளை எடைபோட அது நல்ல அளவுகோல்.

சரி, ஜெர்மனியிலேயே, ஜெர்மன்காரர்கள் நடுவிலேயே வேலை பார்த்தால்? 1970-களில் ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகத்தினர் இதை ஆராய்ந்தார்கள். ஸ்பெயினிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வந்து தொழிற்சாலைகளில் வேலை செய்த 48 பேர், வகுப்பு எதற்கும் போகாதவர்கள், எப்படி ஜெர்மன் பேசுகிறார்கள் என்று பார்த்தார்கள். யாருடைய மொழி நன்றாக இருந்தது என்பதோடு அதிகம் ஒட்டிவந்த காரணம், ஓய்வு நேரத்தில் ஜெர்மன்காரர்களோடு பழகுவது. அடுத்து, வந்து இறங்கிய வயது. வேலையிடத்துப் பழக்கம் அதற்கும் பிறகு. எத்தனை வருஷமாக அங்கே இருக்கிறார் என்பதற்கு மதிப்பு ரொம்பக் குறைவு. பத்து வருஷமாக இருக்கிறேன் என்பது ஒரு தகுதியே இல்லை என்று அர்த்தம்.

1980-களில் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்த தமிழர்களிடமும் இதைப் பார்க்கலாம். அவர்களில் பலர் உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவியபடியே மொழியைப் பிடித்தவர்கள். பேச்சு சரளமாக வரும், கோபம் வந்தால் இன்னும் சரளமாக வரும். ஆனால் அலுவலகக் கடிதம் வந்தால் பிள்ளையைக் கூப்பிடுகிற வீடுகள் உண்டு. அந்தப் பிள்ளையோ மூன்று வயதில் கிண்டர்கார்டனில் போய் உட்கார்ந்து, வேறு வழியே இல்லாமல் கற்றுக்கொண்டது. மூழ்கிக் கற்பது என்றால் அதுதான். நாற்பது வயதில் நமக்கு யாரும் கிண்டர்கார்டனில் இடம் தர மாட்டார்கள்.

இப்போது நுங்கம்பாக்கம். ரட்லண்ட் கேட்டில் இருக்கும் மாக்ஸ் முல்லர் பவனையும் (கோத்தே இன்ஸ்டிடியூட்டின் சென்னைக் கிளை), நகரம் முழுக்க முளைத்திருக்கும் பயிற்சி மையங்களையும் சேர்த்தே சொல்கிறேன். பி1 எட்ட 45 நிமிட வகுப்புகள் 350 முதல் 650 வரை தேவைப்படும் என்று கோத்தே இன்ஸ்டிடியூட்டே கணக்கு சொல்கிறது. பி1 தேர்வில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நாலு பகுதி, ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 எடுக்க வேண்டும். வகுப்பு தருவது எலும்புக்கூடு. துணை வாக்கியத்தில் வினையைக் கடைசிக்குத் தள்ளுவது ஆங்கிலேயனுக்குத் தலைவலி, நமக்கு வீட்டுச் சாப்பாடு. ஆனால் மேஜை ஆண்பால், விளக்கு பெண்பால், புத்தகம் அஃறிணை, அதுவும் வேற்றுமைக்கு வேற்றுமை பெயருக்கு முன்னால் வரும் டெர், டீ, டாஸ் மாறும் என்பதை யாராவது கட்டம் போட்டுக் காட்டாமல் தெருவில் நடந்து கற்றுக்கொண்டவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

குறை எங்கே என்றால், மையங்கள் பல தேர்வுக்கு மட்டுமே தயார் செய்கின்றன. பேச்சுத் தேர்வுக்கான உரையை மனப்பாடம் செய்து ஒப்பித்து பி2 வாங்கிய நர்ஸ் ஒருவர், முதியோர் இல்லத்தில் காலை ஷிப்ட் முடிந்து பொறுப்பை மாற்றிக்கொள்ளும் கூட்டத்தில் உட்காரும்போதுதான் விஷயம் தெரியும். பத்து நிமிஷத்தில் இருபது நோயாளிகள்: யார் சாப்பிடவில்லை, யாருக்கு மாத்திரை மாறியது, யார் ராத்திரி கீழே விழுந்தார். சொல்கிறவர் ஸ்டுட்கார்ட் பக்கத்துக்காரராக இருந்தால், வகுப்பில் படித்த "இஷ் ஹாபெ" (என்னிடம் இருக்கிறது) அவர் வாயில் "இ ஹன்" ஆகிவிடும். கேட்டல் தேர்வில் கேட்ட குரல் எதுவும் இப்படிப் பேசியதில்லை.

ஆனால் ஒன்று, இந்த நர்ஸ் ஒரு வருஷத்தில் தேறிவிடுவார். எண்பது வயதுப் பாட்டிக்கு ஆங்கிலம் வராது, பாட்டியை விட்டுவிட்டு ஓடவும் முடியாது. ம்யூனிக் ஐடி கம்பெனியில் ஐந்து வருஷம் இருப்பவரைவிட சின்ன ஊர் நர்ஸ் நன்றாகப் பேசுவதன் காரணம் இதுதான். பி2 எலும்புக்கூடு ஏற்கெனவே இருந்ததால்தான் அதன் மேல் சதை பிடிக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஏ1-உடன் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தால் அது வெறும் இரைச்சல்.

யூடியூப் கட்சியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. செலவில்லாத வழி, காது பழகும். ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனம் டாய்ச்செ வெல்லெ மெதுவாக வாசித்துத் தரும் செய்தி அருமையான பயிற்சி. ஆனால் கேட்பதே போதும் என்பதற்கு எதிரான சாட்சி கனடாவில் இருக்கிறது. 1965-இல் க்யூபெக்கின் செயின்ட் லாம்பர்ட்டில் ஆங்கிலக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு முழுக்க ஃபிரெஞ்சிலேயே பாடம் நடத்தும் வகுப்பு தொடங்கியது. அப்படிப்பட்ட பள்ளிகளில் படித்த பிள்ளைகள் ஃபிரெஞ்சைப் புரிந்துகொள்வதில் கெட்டி. ஆனால் வருஷக்கணக்கில் கேட்ட பிறகும் பேச்சிலும் எழுத்திலும் இலக்கணப் பிழைகள் போகவில்லை. தானே பேசி, தடுக்கி, திருத்திக்கொள்ளும் கட்டாயம் வேண்டும் என்று மொழிக் கற்றல் ஆய்வாளர் மெரில் ஸ்வெய்ன் 1985-இல் வாதிட்டது இதை வைத்துத்தான். பிள்ளைகளுக்கே இந்தக் கதி என்றால், சமையல் செய்துகொண்டே வீடியோ ஓடவிடுகிறவருக்கு என்ன கிடைக்கும்?

என் ஓட்டு எதற்கு என்றால்: பி1 வரை ஊரிலேயே, முடிந்தால் வகுப்பில், வீடியோவைத் தொட்டுக்கொள்ள வைத்துக்கொண்டு. அதன் பிறகு விமானம். நர்ஸ் வேலைக்குப் போகிறவர் பி2-வையும் முடித்துவிட்டே போவது நல்லது, முழு அங்கீகாரத்துக்கு பொதுவாக அதைத்தான் கேட்கிறார்கள். ஐடி ஆட்களுக்கு ஒரு கூடுதல் கணக்கு: ப்ளூ கார்டில் (உயர்தகுதி வேலைக்காரர்களுக்கான குடியிருப்பு அனுமதி) இருப்பவர் ஏ1 வைத்திருந்தால் 27 மாதத்தில் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம், பி1 இருந்தால் 21 மாதம் போதும். அங்கே போய் வேலையோடு வேலையாகப் படிக்கலாம் என்று தள்ளிப்போடுகிறவர்கள், எட்டு மணி நேரம் ஆங்கிலத்தில் வேலை பார்த்துவிட்டு குளிர்கால ராத்திரியில் மாலை வகுப்புக்குக் கிளம்பும் தெம்பு தமக்கு இருக்குமா என்று யோசித்துக்கொள்ளட்டும்.

போன பிறகு எந்த ஊர் என்பதைவிட யாரோடு சாயங்காலம் என்பதைப் பாருங்கள். ஒரு ஜெர்மன்காரராவது இருக்கும் பகிர்வு வீடு, இல்லையென்றால் பக்கத்து விளையாட்டுச் சங்கம். டேபிள் டென்னிஸ் ஆடத் தெரிந்தால் போதும், ஆட்டம் முடிந்து உட்கார்ந்து பேசும் அரை மணி நேரம் எந்த வகுப்பிலும் கிடைக்காது. எதிரில் இருப்பவர் ஆங்கிலத்துக்குத் தாவினால் "இஷ் லெர்னெ டாய்ச்" (நான் ஜெர்மன் கற்கிறேன்) என்று சொல்லிவிட்டு ஜெர்மனிலேயே தொடருங்கள். பெரும்பாலானோர் சிரித்துக்கொண்டே திரும்பி வருவார்கள்.