கன்டெய்னரில் டெர்மினல்: நீண்ட நாள் ஓட்டியதில் தெரிந்தவை

திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனி சர்வர்களில் பீஸ் ரேட், பில்லிங், பேக்கப் எல்லாம் இப்போது டாக்கரில் ஓடுதுங்க; ஒவ்வொரு புரோகிராமையும் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டியில் வைத்து ஓட்டும் மென்பொருள் அது. ஓட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தலைவலி தருவது கமாண்ட் அடிக்கும் டெர்மினல்தான் (லினக்ஸ் மொழியில் டிடிஒய்).

டாக்கர் கமாண்டில் 'மைனஸ் ஐ' (-i) இன்புட்டைத் திறந்து வைக்கும், அவ்வளவுதான். 'மைனஸ் டி' (-t) போட்டால்தான் டெர்மினல் கிடைக்கும். ரெண்டையும் சேர்த்தே அடித்துப் பழகியவர்கள் பேக்கப்பில் மாட்டுவார்கள். ஓடும் கன்டெய்னருக்குள் கமாண்ட் ஓட்டும் 'டாக்கர் எக்ஸெக் மைனஸ் ஐடி' (-it) வழியாக, டேட்டாபேஸ் நகலெடுக்கும் மைஎஸ்க்யூஎல்டம்ப்பை ஃபைலுக்குத் திருப்பினால், எர்ரர் வரிகளும் டேட்டாவும் ஒரே குழாயில் வரும். பாஸ்வேர்டை கமாண்டிலேயே கொடுத்திருந்தால் அதற்கான எச்சரிக்கைதான் ஃபைலின் முதல் வரி. ரீஸ்டோர் அங்கேயே நின்றுவிடும். வரி முடிவிலெல்லாம் கேரியேஜ் ரிட்டர்ன் என்ற கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒட்டியிருக்கும். கன்டெய்னருக்குள்ளேயே ஜிஜிப்பில் சுருக்கிய டம்ப் என்றால் ஃபைலே கெட்டது. அதே கமாண்டை, குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் போட்டால் 'இன்புட் டிவைஸ் டிடிஒய் இல்லை' என்று வெளியேறும். காலையில் ஃபைல் இருக்கும், சைஸ் 0. சனிக்கிழமை வாரச் சம்பளம் போடும் கம்பெனியில் இது வெள்ளிக்கிழமை தெரிந்தால் புண்ணியம்! பேக்கப்புக்கு 'மைனஸ் டி' வேண்டவே வேண்டாம்.

அடுத்தது கன்ட்ரோல் சி. அந்தக் கீயை சிக்னலாக்கி, முன்னணியில் இருக்கும் ப்ராசஸ் குரூப்புக்கு அனுப்புவது டெர்மினல். டெர்மினல் இல்லாத எக்ஸெக்கில் அடித்தால் வெளியே இருக்கும் டாக்கர் கிளையன்ட் மட்டும் சாகும். உள்ளே வேலை ஓடிக்கொண்டேதான் இருக்கும். டெர்மினல் இருந்தும் அசையவில்லையா? உங்கள் புரோகிராமே பிஐடி 1, அதாவது கன்டெய்னரின் முதல் ப்ராசஸ் ஆக இருக்கும். சிக்னலைக் கவனிக்கும் ஹேண்ட்லரைத் தானாக வைக்காத பிஐடி 1க்கு கர்னல் அந்த சிக்னலைக் கொடுக்காது. அதே காரணத்தால்தான் கன்டெய்னரை நிறுத்தும் 'டாக்கர் ஸ்டாப்' 10 விநாடி காத்திருந்து, கொன்று, எக்ஸிட் கோட் 137 காட்டுகிறது. கன்டெய்னரைத் தொடங்கும்போது '--இனிட்' போட்டால் வேறொரு சின்ன புரோகிராம் பிஐடி 1 ஆகிவிடும், தீர்ந்தது.

டாக்கர் இல்லாமல் நேராக கன்டெய்னருக்குள் போக உதவும் என்எஸ்என்டர் வழியாக நுழைந்தால் 'டிடிஒய்' கமாண்ட் 'நாட் எ டிடிஒய்' என்னும், 'ஸ்கிரீன்' புரோகிராம் திறக்காது. கையில் இருப்பது ஹோஸ்டின், அதாவது வெளியே இருக்கும் சர்வரின் டெர்மினல். கன்டெய்னரின் டெர்மினல் பட்டியலான டெவ்பிடிஎஸ்ஸில் அது கிடையாது. உள்ளே 'ஸ்கிரிப்ட் /டெவ்/நல்' அடித்தால் கன்டெய்னருக்குள்ளேயே புது டெர்மினலும் புது செஷனும் வரும்.

கன்ட்ரோல் பி-யை (Ctrl-P) ரெண்டு தடவை அடிக்க வைக்கும் டாக்கரின் டிடாச் கீ, அதாவது கன்டெய்னரை நிறுத்தாமல் வெளியே வரும் கீ, எரிச்சல்தான். கான்ஃபிக் ஃபைலில் 'டிடாச்கீஸ்' மாற்றிவிடுங்க.

சந்தேகம் வந்தால் ப்ராசஸ்களைப் பட்டியலிடும் 'பிஎஸ்'ஸில் எஸ்ஐடி (செஷன்), டிபிஜிஐடி (முன்னணி ப்ராசஸ் குரூப்), டிடிஒய் (டெர்மினல்) என்ற நெடுவரிசைகளைப் பாருங்க. டிடிஒய்யில் கேள்விக்குறி இருந்தால் அந்த ப்ராசஸுக்குக் கட்டுப்படுத்தும் டெர்மினல் கிடையாது. கன்ட்ரோல் சி அதற்குப் போய்ச் சேராது, 'கில்'தான் வழி.