ஜெல்லா, ட்ரிப்ஸா? பிறந்த குழந்தைக்குச் சர்க்கரை இறங்கும்போது

குதிகாலில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தம். மீட்டரில் சர்க்கரை 38 (டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்). சர்க்கரை நோயுள்ள தாய்க்குப் பிறந்த குழந்தை, குறைமாதக் குழந்தை, எடை மிகக் குறைந்த அல்லது மிகக் கூடிய குழந்தை என்றால் இது அடிக்கடி நடக்கும். எந்த அளவுக்குக் கீழே போனால் சிகிச்சை என்பதில் மருத்துவர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்தில்லை. பல இடங்களில் 47, சில இடங்களில் 40 அல்லது 45.

குழந்தை சுறுசுறுப்பாக இருந்தால் முதலில் தாய்ப்பால்தான். ஆனால் முதல் நாள் சீம்பால் சில சொட்டுகளே வரும். அது போதாதபோது ஃபார்முலா எனும் குழந்தைகளுக்கான பால் பவுடரைக் கரைத்துக் கொடுத்தால் எண் கொஞ்சம் கூடுதலாக ஏறும். அப்புறம் புட்டிப்பாலே வழக்கமாகிவிடுவதும் உண்டு.

இங்கேதான் 40 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் சர்க்கரை) ஜெல் வருகிறது. வாயைத் துணியால் ஒற்றி, கன்னத்தின் உட்புறம் விரலால் தேய்த்து, உடனே பால் கொடுக்க வேண்டும். 3 கிலோ குழந்தைக்கு ஒன்றரை மில்லி, அதாவது 600 மில்லிகிராம் சர்க்கரை. நரம்பில் முதலில் ஏற்றும் 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 6 மில்லியிலும் அதே 600 மில்லிகிராம்தான்! சரக்கு ஒன்று, வழிதான் வேறு.

நியூசிலாந்தின் ஹாமில்டனில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், ஒப்பீட்டுக்காகச் சர்க்கரை இல்லாத வெறும் ஜெல் தடவிய குழந்தைகளில் 24 சதவீதத்தினருக்குச் சிகிச்சை பலிக்கவில்லை. சர்க்கரை ஜெல்லில் அது 14 சதவீதம். இரண்டு வாரம் கழித்து ஃபார்முலா குடித்தவர்கள் வெறும் ஜெல் தரப்பில் 13 சதவீதம், சர்க்கரை ஜெல் தரப்பில் 4 சதவீதம். எனக்கு இந்த இரண்டாவது கணக்குதான் பெரிது: குழந்தை தாய்ப்பாலிலேயே இருக்கிறது. ஆனால் இரண்டு வயதில் பார்த்தபோது மூளை வளர்ச்சியில் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசமில்லை. ஜெல்லை மந்திரம் என்று சொல்ல முடியாது.

வலிப்பு வந்தாலோ, குழந்தை துவண்டு பால் குடிக்காவிட்டாலோ, எண் மிகவும் இறங்கிவிட்டாலோ ஜெல்லுக்காகக் காத்திருக்கக் கூடாது. ட்ரிப்ஸ்தான். அதையும் சட்டென்று நிறுத்த முடியாது, படிப்படியாகத்தான் குறைப்பார்கள். என்.ஐ.சி.யூ. எனும் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஓரிரு நாள் ஆகலாம்.

சேனை வைத்தால் ஆகாதா என்று பாட்டிகள் கேட்பதுண்டு. ஆகாது. அளவும் தெரியாது, சுத்தமும் தெரியாது. தேனாக இருந்தால் ஒரு வயதுக்குள் பாட்டுலிசம் என்ற நச்சு நோய் வரும் ஆபத்தும் சேரும்.